பெட்டிக்குப் பொட்டு வச்சது யாரு

அந்தப் பெட்டியத் திறக்கதுக்கு முன்னால ஒரு நிமிஷம் உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூலு வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க. மெட்ராஸ்லேருந்து வாரியளா, கோயமுத்தூரா? சரி, எங்கேயிருந்தா என்ன. கம்பெனிக்காரவிய ஒருவழியா ஆள் அனுப்பிட்டிய, அது போதும். டாக்டரம்மா ரவுண்ட்ஸ் போயிருக்காவ. அவிய வந்துட்டா என்னைய வாயத் திறக்க விடமாட்டாவ. அதனால நடந்தது என்னன்னு நான் முதல்ல சொல்லிருதேன். பொறவு நீங்க ஸ்குரூவக் கழட்டுங்க, மாட்டுங்க, என்னவும் செய்யுங்க. ரிப்போர்ட்டு எழுதுவியள்லா? அதுல என்ன எழுதணும்னும் நானே சொல்லிருதேன்.

என் பேரு ஆவுடையம்மா. இந்தத் தீக்காய வார்டுல, இந்த டிரெஸ்ஸிங் ரூம்ல, பதினோரு வருஷமா இருக்கேன். காண்டிராக்டு ஆளுதான். வாளி தூக்குவேன், தரை துடைப்பேன், பழைய கட்டுத்துணிய அள்ளி மஞ்சப் பையில போடுவேன். அதெல்லாம் எந்தக் கழுதையும் செய்யலாம். கட்டுப் பிரிக்கும்போது ஆளைப் பிடிக்கது இருக்கு பாருங்க, அதுதான் என் வேலை. வெந்த இடத்துல துணி ஒட்டிக்கிடும். அதப் பிரிக்கணும், கழுவணும், மருந்து வச்சுத் திரும்பக் கட்டணும். ஒருநாள் விட்டு ஒருநாள். ஊசி போடுவாவ, மாத்திரை கொடுப்பாவ, எல்லாம் உண்டு. ஆனாலும் அந்த மேசையில படுத்துட்டா வக்கீலும் ஒண்ணுதான், வாட்ச்மேனும் ஒண்ணுதான். போலீஸ்காரர் ஒருத்தர் வந்தாரு, இம்மாம் பெரிய மீசை. அவரு அவிய அம்மையக் கூப்பிட்ட கூப்பாட்டுல கேண்டீன்ல டீ ஆத்துதவன் கிளாஸக் கீழ போட்டுட்டான்.

நான் என்ன செய்வேன்னா, தலைமாட்டுல நின்னு ரெண்டு தோளையும் பிடிச்சுக்கிட்டு வாயக் கொடுப்பேன். "அங்கன பாக்காத, என்னையப் பாரு"ம்பேன். எங்க தெருக் குழாயடியில நடக்க சண்டை, எங்க நாத்தனா மகளுக்கு மாப்பிள்ளை தேடுன கதை, எல்லாத்தையும் எடுத்து விடுவேன். ஒரு பெரியவரு பாதிக் கட்டுல எந்திரிச்சு உக்காந்து, "அந்த மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லிரு ஆவுடை, அவன் முழியே சரியில்ல"ன்னாரு. அவரு எங்க அந்த முழியப் பாத்தாரு? நான் சொன்னதுல பாத்திருக்காரு. டாக்டரம்மாவே சொல்லியிருக்காவ, ஆவுடை வாய் பாதி மருந்துன்னு. மீதிப் பாதி என்னன்னு நான் கேட்டுக்கிடல.

அப்படி இருக்கையிலதான் உங்க பெட்டி வந்துச்சு. அதுக்கு ரெண்டு இங்கிலீசு எழுத்துல என்னமோ பேரு சொல்லுதாவ, வி.ஆரோ என்னமோ. வார்டுல எல்லாருக்கும் அது பென்குயின் பெட்டி. கண்ணுல மாட்டிவிட்டா பனிமலை தெரியுமாம். தலையத் திருப்புன பக்கமெல்லாம் பனியாம். கையில இருக்க பட்டன அமுக்குனா பனிக்கட்டிய உருட்டி பென்குயின் மேல எறியலாமாம். டாக்டரம்மா எங்க எல்லாரையும் நிறுத்தி வச்சு வகுப்பு எடுத்தாவ. மூளை அங்கன பராக்குப் பாத்துக்கிட்டு இருந்தா வலியக் கவனிக்க அதுக்கு அவ்வளவா ஆள் இருக்காதாம். நான் கேட்டேன், "ஏம்மா, உடம்பு வெந்து கிடக்கவன் பென்குயினப் பாருன்னா பாப்பானா?"

பாத்தான் தம்பி. அதுதான் என் கேடு. பல்லக் கடிச்சுக்கிட்டு வாரவனெல்லாம் பெட்டிய மாட்டுனதும் ஈன்னு இளிச்சுக்கிட்டுப் பனி எறியுதான். இந்தப் பக்கம் சிஸ்டர் கட்டப் பிரிக்காவ, அவன் அந்தப் பக்கம் "ச்சே, தப்பிச்சிட்டு"ங்கான். வலி இல்லாம இல்ல, இருக்கும், முனங்குவான். ஆனா கேண்டீன்ல கிளாஸு உடையல. நான் தலைமாட்டுல தேரடி பொம்மை கணக்கா நிக்கேன். எங்க நாத்தனா மகளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சதையே ஒருத்தரும் கேக்கல.

வயித்தெரிச்சலான்னு கேக்கியளா? ஆமா, வயித்தெரிச்சல்தான். இதுல மறைக்க என்ன இருக்கு.

ஆனா அதுக்காக நான் பெட்டியக் கெடுத்தேன்னு ஆபீஸ்ல சொல்லுதாவ பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. நான் அதத் தொட்டது கூடக் கிடையாது. தொட்டதுன்னா, தொடைக்கதுக்குத் தொட்டிருப்பேன். ஒரே ஒரு தடவை யாரும் இல்லாதப்போ கண்ணுல மாட்டிப் பாத்தேன். சவம், காலுக்குக் கீழ தரையே இல்ல தம்பி. அதல பாதாளம். "ஏ ஆத்தா"ன்னு ஒரு எட்டு பின்னால வச்சேன், வாளிக்குள்ள உக்காந்துட்டேன். அதோட சரி.

இப்பம் அமலோற்பவத்துக்கு வாரேன். அவளச் சொல்லாம இந்தக் கதை நடக்காது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால புரோட்டாக் கடை வச்சிருக்கா அவ. முதலாளியும் அவதான், மாஸ்டரும் அவதான். பொம்பள புரோட்டா மாஸ்டரு, இந்தச் சுத்து வட்டாரத்துல அவ ஒருத்திதான். நாப்பது நாப்பத்திரெண்டு வயசு. கட்டுனவன் எப்பவோ போய்ச் சேந்துட்டான், அந்தக் கை ஒண்ண வச்சுத்தான் ரெண்டு பிள்ளைய காலேஜு வரைக்கும் கொண்டாந்துட்டா. அடுப்பு ஸ்டாண்டு கால் வழுக்கி எண்ணெய்ச் சட்டி சரிஞ்சு வலது கையில கொட்டிருச்சு. முழங்கையிலேருந்து விரல் நுனி வரைக்கும். தொடையிலேருந்து தோல் எடுத்து வச்சாவ. தோல் பிடிச்சிருச்சு. ஆனா புதுத்தோல் இருக்கு பாருங்க, அது சுருங்கும். விரல மடக்கி மடக்கிக் கொடுக்கணும், இல்லைன்னா விறைச்சபடியே நின்னுரும். அவளுக்கு மடங்கல. அஞ்சு விரலும் விறகு கணக்கா நிக்கு.

அவ வாய் இருக்கே, என் வாயெல்லாம் அதுக்குக் கால் தூசிக்குக் காணாது. முதல் நாள் நான் தோளப் பிடிச்சேன். "கையெடு, பினாயில் நாத்தம் குடலப் பிடுங்குது"ன்னா. நான் எங்க தெருக் கதைய ஆரம்பிச்சேன். "உன் தெருவக் கொண்டு ஓடையில போடு"ன்னா. நானும் சும்மா இருப்பனா? "ஏட்டி, சால்னா ஊத்துத இடத்துல வச்சுக்க உன் அதிகாரத்த"ன்னேன். சிஸ்டர் கட்டப் பிரிக்க ஆரம்பிச்சதும் ஒரு உதை விட்டா, சிஸ்டர் சுவர்ல போய் ஒட்டிக்கிட்டாவ. அன்னைக்குக் கட்டுப் போட ஒண்ணேகால் மணி நேரம். அடுத்த தடவை பெட்டிய மாட்டுனாவ. இருபது நிமிஷம். பென்குயினப் போட்டுச் சாத்துதா. "ஓடுதான் பாரு, ஓடுதான் பாரு"ன்னு அவ எறியுத எறியில அந்தப் பென்குயின் இனமே அழிஞ்சிருக்கணும். அப்படி நாலு தடவை நல்லபடியா ஆச்சு. சுட்டுவிரல் கொஞ்சூண்டு அசைஞ்சுச்சு. டாக்டரம்மா முகத்துல ஒரு வெளிச்சம்.

அப்பம்தான் ஆயுத பூசை வந்துச்சு.

உங்க கம்பெனியிலயும் கும்பிடுவியள்லா? இங்கன நாங்க ஜாம் ஜாம்னு கும்பிடுவோம். ஸ்ட்ரெச்சரு, டிராலி, பிரஷர் பாக்குத மெஷினு, ஆக்சிஜன் சிலிண்டரு, கத்திரிக்கோல் டப்பா, எல்லாத்தையும் கழுவித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலை படைச்சு, ஒரே அமர்க்களம். லிஃப்டுக்குத் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்போம். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கூட மாலை உண்டு. எங்களுக்குச் சோறு போடுத சாமான் இல்லையா, வருஷத்துல ஒருநாள் அதுக்கு மரியாதை செய்யாண்டாமா?

அந்தக் கூட்டத்துல யாரோ உங்க பெட்டிக்கும் சந்தனம் வச்சிருக்காவ. யாருன்னு தெரியல. ஏகப்பட்ட பேரு வந்தாவ போனாவ.

என்ன, அப்படிப் பாக்கிய?

சரி, ஒரு பேச்சுக்கு நான்தான் வச்சேன்னு வச்சுக்கிடுவோம். உங்க கம்பெனி செஞ்சது சரியா? சொல்லுங்க. நெத்திப் பக்கம் வழவழன்னு ஒரு பலகை. அதுல நாலு குழி. வட்டமா, அச்சு எடுத்தாப்ல, பெருவிரல் நுனி பதியுத அளவுக்கு. அது பொட்டு வைக்கதுக்கு இல்லாம வேற எதுக்குன்னு நான் நினைப்பேன்? பரவாயில்லையே, கம்பெனிக்காரன் விவரமா பொட்டுக்குக் குழி விட்டுல்லா அனுப்பியிருக்கான்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன் தம்பி. சந்தனத்த நல்லாக் கெட்டியாக் குழைச்சு, நாலு குழியையும் நிரப்பி, நடுவுல குங்குமம் வச்சேன். லட்சணமா இருந்துச்சு. அது கேமராவாம். அந்த நாலு கண்ணால பாத்துத்தான் பெட்டிக்கு வழி தெரியுமாம். ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லல. டாக்டரம்மா வகுப்பு எடுத்தாவளே, மூளையப் பத்திச் சொன்னாவ, பென்குயினப் பத்திச் சொன்னாவ, குழியப் பத்திச் சொன்னாவளா?

வயித்தெரிச்சல்ல வச்சேன்னு மட்டும் சொல்லாதிய. சாமி சத்தியமா இல்ல. மத்த சாமானுக்கெல்லாம் ஒரு பொட்டு, இதுக்கு நாலு. அதுலயே தெரியலையா?

விஜயதசமி அன்னைக்குக் காலையில அமலோற்பவத்துக்குக் கட்டு. முந்துன ரெண்டு நாளு லீவுன்னு அவ வரல. டாக்டரம்மா கையப் பாத்தாவ, முகம் செத்துருச்சு. அசைஞ்ச சுட்டுவிரலும் திரும்ப விறைச்சுப் போச்சு. கட்டுப் பிரிச்சு, கழுவி, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியா மெல்லிசுத் துணி சுத்தி, உடனே மடக்கிப் பாக்கணும்னாவ. பூப்போல, ஆனா நேராச் சொல்லிட்டாவ அவகிட்ட: "இன்னைக்குக் கை மூடணும்மா. இன்னும் தள்ளிப் போட்டா தோல் இறுகிரும். பொறவு தியேட்டர்ல வச்சு அறுத்து, மறுபடி தோல் வைக்கணும். அப்பவும் முழுசா மூடும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

அமலோற்பவம் விறைச்சு நிக்க விரலக் குனிஞ்சு பாத்தா. அவ மெதுவாப் பேசி நான் அன்னைக்குத்தான் கேட்டேன். "கை மூடலைன்னா நான் என்னத்துக்கு டாக்டரம்மா"ன்னா. "சரி, பெட்டியக் கொண்டாங்க."

பெட்டியக் கொண்டாந்து மாட்டுனாவ. அவ அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையத் திருப்புதா. "பனியக் காணோம். சாம்பலா என்னமோ தெரியுது. என்னமோ எழுதியிருக்கு"ங்கா. டாக்டரம்மா வாங்கி முன்பக்கத்தப் பாத்தாவ. நாலு குழியிலயும் மஞ்ச மஞ்சேர்னு காஞ்சு போன சந்தனம். "ஆவுடை"ன்னாவ. திட்டல தம்பி. வெறுமன "ஆவுடை"ன்னு சொன்னாவ. திட்டியிருந்தா கூட நல்லா இருந்திருக்கும்.

"இந்தா, ஒரு நிமிஷத்துல சுத்தம் பண்ணித் தாரேன்"னு பெட்டியப் பிடுங்கிக்கிட்டுக் குழாயடிக்கு ஓடுனேன். சோப்பு போட்டேன். போகல. காஞ்ச சந்தனம்லா. பாத்திரம் தேய்க்க கம்பி நார் இருந்துச்சு.

ஏன் தலையில கைய வைக்கிய? நார் புதுசு தம்பி.

சரி, அதுக்கப்புறம் அந்தச் சாம்பலும் இல்ல. கும்மிருட்டு. நான் பெட்டியச் சேலை முந்தானையால துடைச்சுக்கிட்டே திரும்ப வாரேன், வாசல்ல அமலோற்பவம் செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கா. பெட்டி இல்லாம கையத் தொட விடமாட்டேன், அடுத்த வாரம் வாரேங்கா. டாக்டரம்மா மன்றாடுதாவ, அடுத்த வாரம் முடியாதும்மா, கை போயிரும்மான்னு. இவ வாசல்லேயே கண்ணா இருக்கா. அவளுக்குப் பிடிவாதம்னு நீங்க நினைப்பிய. இல்ல. பயம். முகம் வெளுத்து, உதடு துடிக்கு. பதினோரு வருஷமா நான் பாக்காத பயமா?

இவ போயிட்டான்னா அந்தக் கை அவ்வளவுதான். அதுக்கு நான் வச்ச பொட்டுதான் காரணம். நான் வாசல மறிச்சுக்கிட்டு நின்னேன். "பெட்டி சரியாயிட்டு. வந்து உக்காரு"ன்னேன். டாக்டரம்மா என்னைய ஒரு மாதிரி பாத்தாவ. நான் கண்ணக் காட்டுனேன். பெட்டிய அவ கண்ணுல மாட்டி, பட்டைய நானே இறுக்கிவிட்டேன்.

"ஒரு மண்ணும் தெரியல. இருட்டா இருக்கு"ன்னா.

"அங்கன இப்பம் ராத்திரி. பொறு, விடியும்"னேன்.

சிஸ்டர் வாயப் பொத்திக்கிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிட்டாவ. அமலோற்பவம் கோட்டிக்காரி இல்ல, அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனா பெட்டியக் கழட்டல. கழட்டுனா கையப் பாக்கணும்லா. நான் அவ பக்கத்துல உக்காந்து, "இந்தா, விடியுது. நான் சொல்லுதேன், கேட்டுக்க. எல்லாம் வெள்ளையா கிடக்கு"ன்னேன்.

"எப்படி வெள்ளை?"

பனிய நான் எங்க தம்பி கண்டேன்? "மைதா மாதிரி"ன்னேன். சட்டுன்னு வாயில வந்துருச்சு.

"எவ்வளவு மைதா?"

"மலை மலையா."

அந்த நேரம் பாத்து சிஸ்டர் கட்டப் பிரிக்க ஆரம்பிச்சாவ. "எம்மா, மாதாவே!"ன்னு ஒரு அலறல். காலை உதறுனதுல டிரே பறந்து போய் டாக்டரம்மா செருப்புல விழுந்துச்சு. நான் விடல. "ஏட்டி அமலு, இவ்வளவு மைதாவையும் சும்மா விடுததா? நான் பிசையப் போறேன்"னேன். "முதல்ல நல்லாக் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணிய ஊத்துதேன்."

அலறல் பாதியில நின்னுச்சு. "சுடுதண்ணியா?"

"ஆமா, சுடுதண்ணி. அப்பம்தான் மெத்துனு வரும்."

"ஏ செத்த மூதி, களி கிண்டப் போறியா, புரோட்டா போடப் போறியா? பச்சத்தண்ணிடி!"

எனக்கு அப்பம்தான் தம்பி வழி தெரிஞ்சுச்சு. எங்க தெருக் கதைய ஓடையில போடச் சொன்னவ, மாவுன்னதும் காதக் கொடுக்கா. நான் புரோட்டாவத் தின்னிருக்கேனே தவிர, போட்டதில்ல. எனக்குத் தெரிஞ்சத நான் சொன்னேன். சிலது தெரிஞ்சே தப்பாச் சொன்னேன், சிலது உண்மையிலேயே அப்படித்தான்னு நினைச்சுச் சொன்னேன். எது எதுன்னு இப்பவும் எனக்குத் தெரியல.

"உப்பு கடைசியில மேல தூவிக்கிடலாம்"னேன்.

"தூவுவ, தூவுவ. நீ என்ன அவிச்ச முட்டையா திங்க?"

"எண்ணெய் வேண்டாம், உடம்புக்கு ஆகாது."

"அப்பம் நீ புரோட்டாவே திங்காத! கஞ்சியக் குடிச்சுட்டுப் போய்ப் படு! டாக்டரம்மா, இவள வெளிய அனுப்புங்க, எனக்கு ரத்தக் கொதிப்பு வருது!"

டாக்டரம்மா அனுப்பல. விடாதன்னு தலைய ஆட்டுனாவ. கழுவி முடிச்சு, விரல் விரலா துணி சுத்தியாச்சு. இனி மடக்கணும். டாக்டரம்மா சுட்டுவிரலப் பிடிச்சாவ. அவளுக்கு மூச்சு இழுக்கு, பெட்டிக்கு அடியில கண்ணீர் ஒழுகிக் கன்னத்துல வருது. நான் வெரசா, "இப்பம் பிசையுதேன். விரல் நுனியால பைய, பைய, பூவக் கிள்ளுத மாதிரி"ன்னேன்.

"விரல் நுனியாலயா? உள்ளங்கையக் கொடுத்து அழுத்தணும்டி கோட்டிக்காரி!"

"எப்படி?"

"இப்படி!"

அழுத்துனா தம்பி. ஒரு மயிரிழைதான். ஆனா விரல் மூணு மடங்குச்சு. டாக்டரம்மா மூச்சே விடல. சிஸ்டர் என் முதுகுல ஒரு குத்து விட்டாவ, மேல சொல்லு, மேல சொல்லுன்னு. எனக்கா, சொல்லதுக்குச் சரக்கு தீந்து போச்சு. பிசைஞ்ச மாவ அடுத்து என்ன செய்வாவ? உருண்டை போடணும். எப்படிப் போடுவாவ? யாருக்குத் தெரியும்? "சரி, பிசைஞ்சாச்சு. இப்பம் கத்தியால துண்டு துண்டா வெட்டி உருண்டை பிடிக்கேன்"னேன்.

ரூமே அமைதியாயிருச்சு. எங்க வீட்டுக்காரர் செத்ததச் சொன்னப்போ கூட யாரும் அப்படி அமைதியானதில்ல.

"கத்தியாலயா?"ன்னா அமலோற்பவம். சன்னமா கேட்டா.

"ஆமா, கத்தியால. எல்லாம் ஒரே அளவுல வரும்லா?" இன்னைக்கும் சொல்லுதேன் தம்பி, அதுல என்ன தப்பு?

"மாவக் கத்தியால வெட்டுவியா? மாவ? இருபது வருஷமா ஒரு பய என் கடையில மாவு மேல கத்தி வச்சதில்ல. கைக்குள்ள வச்சுப் பிதுக்கணும்டி! பிதுக்குனா பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவுல உருண்டை தானா வந்து நிக்கும். கொண்டா, எங்க உன் கை? கொண்டா இங்க!"

கண்ணுல இருட்டுப் பெட்டி. துழாவி என் முழங்கைக்குக் கீழ பிடிச்சா. வெந்த கையாலதான் பிடிச்சா. எது வெந்த கை, எது நல்ல கைன்னு அந்த ஆத்திரத்துல அவளுக்கு நினைப்பில்ல. "இப்படிப் பிதுக்கணும், இப்படி, இப்படி!"ன்னு என் கையப் போட்டுப் பிதுக்குதா. சிஸ்டர், "ஐயோ, கிளவுஸ் போடாத கை"ன்னு ஓடி வந்தாவ. டாக்டரம்மா குறுக்க கைய நீட்டி நிறுத்துனாவ. குனிஞ்சு என் கையப் பாத்தாவ. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணுனாவ. பெருவிரலக் காணோம்னு என் கையப் பையத் திருப்புனாவ. அது அந்தப் பக்கம் அமுக்கிக்கிட்டு இருந்துச்சு. டாக்டரம்மா அழுதுட்டாவ தம்பி. அவ்வளவு படிச்சவிய, குழந்தை மாதிரி உதட்டப் பிதுக்கிக்கிட்டு அழுதாவ.

"என்ன, சத்தத்தக் காணோம்?"ன்னா அமலோற்பவம். நான் பெட்டியக் கழட்டுனேன். அவ என்னையப் பாத்தா. பொறவு குனிஞ்சு அவ கையப் பாத்தா. என் கையச் சுத்தி அஞ்சு விரலும் மூடிக் கிடக்கதப் பாத்தா.

இத ரிப்போர்ட்டுல எழுதுங்கன்னா எழுதுவியளா? மாட்டிய. ஆபீஸ்ல எனக்கு மெமோ கொடுத்திருக்காவ, மருத்துவச் சாதனத்துக்குச் சேதம்னு. நீங்க எழுதும்போது சந்தனம்னு எழுதிக்கிடுங்க, கம்பி நாருன்னு கூட எழுதிக்கிடுங்க. ஆவுடையம்மான்னு எழுதாதிய. பெட்டிய மட்டும் எப்படியாவது சரி பண்ணிக் கொடுத்துருங்க. மூணாம் பெட்டுல ஒருத்தருக்கு முதுகு பூரா வெந்து கிடக்கு, அவரு எந்தத் தொழிலும் தெரியாத ஆளு, வட்டிக்கு விட்டவரு. அவருகிட்ட நான் என்னத்தத் தப்பாச் சொல்லி வாயப் பிடுங்க முடியும்? அவருக்குப் பென்குயினுதான் வேணும்.

என்ன கேக்கிய? அவ கைய எடுத்தாளான்னா?

அதுதான் வேடிக்கை. எடுக்கல. "விடுடி"ன்னேன். விடமாட்டேங்கா. "விட்டா திரும்ப மூடாதோன்னு பயமா இருக்கு ஆவுடை"ன்னா. என் பேரு அவளுக்குத் தெரியும்னே எனக்கு அப்பம்தான் தெரியும். "மூடும்டி. விடு, நான் எங்கயும் போகல"ன்னேன். ஒவ்வொரு விரலா, பைய எடுத்தா. கை விரிஞ்சு நின்னுச்சு. நாங்க நாலு பேரும் அதையே பாத்துக்கிட்டு நிக்கோம். அவ கண்ண இறுக்க மூடிக்கிட்டு, திரும்பவும் என் கையப் பிடிச்சா. முன்னதவிட ஓங்கிப் பிடிச்சா. எனக்கு உசிரு போயிட்டு வந்துச்சு.

"வலிக்குதா ஆவுடை?"ன்னு டாக்டரம்மா கேட்டாவ.

"வலிக்கலம்மா. இன்னும் அமுக்கச் சொல்லுங்க"ன்னேன்.